நிற்கிற வண்டி, மாட்டி வைத்த ஜாக்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர்ப் பயணம், உடல்நலம், மழைக்காலம் என்று ஏதோ ஒரு காரணத்தால் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டி வருகிறது. அப்போது எழும் கேள்விகளையும், ஓட்டும்போது போடும் ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ் பற்றிய கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் பைக்கையும் ஸ்கூட்டரையும் மனதில் வைத்து எழுதியது. கார், மின்சார வண்டி இரண்டுக்கும் மாறுபடும் இடங்கள் தனியே வரும். வண்டியோடு கொடுத்த கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின் பேச்சைக் கேளுங்கள்.

ஓடாத வண்டியில் தேய்மானமே கிடையாதே, அது எப்படிக் கெடும்?

தேய்மானம் கிடையாது, சரிதான். நிற்கிற வண்டியைக் கெடுப்பது ஈரம். ஓடும் எஞ்சினின் சூடு உள்ளே சேரும் ஈரத்தை விரட்டிவிடும். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ப் படலமாக மூடும். பேட்டரி சார்ஜ் ஏறும். டயர் ஒரே இடத்தில் அழுந்தாது. வண்டி நின்றதும் இவை எல்லாமே நின்றுவிடுகின்றன. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி வர, காற்றிலுள்ள ஈரம் டேங்கின் உள்சுவரிலும் சைலன்சருக்குள்ளும் பிரேக் டிஸ்கின் மேலும் படிகிறது. கீழே வரும் பதில்களில் பல இந்த ஈரத்தைப் பற்றித்தான் பேசப் போகின்றன. ஜாக்கெட், பூட்ஸ் கதையும் அதேதான்.

எத்தனை நாள் நின்றால் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

இரண்டு வாரம் என்றால் கழுவித் துடைத்து நிழலில் விட்டால் போதும். ஒரு மாதத்தைத் தாண்டினால் பேட்டரியையும் டயரையும் கவனியுங்கள். மூன்று மாதம் என்றால் பெட்ரோலும் சேர்ந்துகொள்ளும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நிறுத்துவதற்கு முன்பே எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுங்கள். ‘எப்படியும் திரும்பி வந்துதானே ஓட்டப் போகிறோம், அப்போது மாற்றிக்கொள்ளலாம்’ என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பழைய ஆயிலில் எரிபொருள் எச்சமும் ஈரமும் அமிலமும் கலந்திருக்கும். அது பேரிங்குகளின் மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா?

ஊர் முழுக்கச் சொல்லப்படும் யோசனை இதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சினும் சைலன்சரும் முழுச்சூட்டுக்கு வந்திருந்தால் அந்த ஆவி வெளியே போய்விடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் பாதி வழியிலேயே குளிர்ந்து தண்ணீராகி உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், அடிப்பக்கம் மோர் நிறத்தில் கொழகொழவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது ஆயிலில் தண்ணீர் கலந்த அடையாளம். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பதும் இதனால்தான்.

பேட்டரிக்கும் இதனால் லாபமில்லை. செல்ஃப் அடிக்கும்போது எடுத்த சார்ஜை, குறைந்த வேகத்தில் ஓடும் எஞ்சின் ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடாது.

ஓட்டுவதென்றால் பதினைந்து இருபது நிமிடமாவது சாலையில் ஓட்டுங்கள். முடியாதென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடுங்கள். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடுவது மட்டும் கூடவே கூடாது. சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

டேங்கை நிரப்பி வைப்பதா, காலி செய்து வைப்பதா?

இரும்பு டேங்க் என்றால் நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ, ஈரம் படியும் இடமும் அவ்வளவு குறைவு. ஆனால் விளிம்பு வரை ஊற்ற வேண்டாம், பெட்ரோல் வெயிலில் விரிவதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கல் உண்டு. எத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியும் அந்த அடியில்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தை அதன் குப்பியில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றி, பத்து நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். டேங்கில் ஊற்றியதோடு விட்டால் குழாய்களிலும் இன்ஜெக்டரிலும் பழைய பெட்ரோல் அப்படியே நிற்கும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியிலுள்ள திருகை (பெட்ரோல் காக்) மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, அப்புறம் கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். அந்தச் சின்னக் கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல் ஆவியாகி, பழுப்பு நிறப் பிசினாக, பெட்ரோலைத் தெளிக்கும் ஜெட்டின் துளையை அடைத்துவிடும். நீண்ட நாள் நின்ற பழைய வண்டி கிளம்ப மறுப்பதற்கு இந்தப் பிசின்தான் பெரும்பாலும் காரணம்.

பேட்டரி மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் படுத்துவிடுகிறது?

சாவியை எடுத்துவிட்டாலும் கடிகாரம், அலாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி ஆகியவை சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அது போதாதென்று ஈயத் தகடும் அமிலமும் கொண்ட லெட் ஆசிட் பேட்டரி தானாகவும் சார்ஜ் இழக்கும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்தகடுகளில் சல்பேட் படிகமாக இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடும் நேரம் வந்துவிட்டது. 12.0 என்றால் ஏறக்குறைய காலி.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வண்டியின் உலோகச் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. முதலில் பாசிட்டிவைக் கழற்றப் போய் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாமா?

பேட்டரி நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் பராமரிப்புச் சார்ஜர் என்றால் தாராளமாக. சாதாரணச் சார்ஜர் என்றால் கூடாது. லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். லெட் ஆசிட் சார்ஜர்கள் சிலவற்றில் சல்பேட் நீக்க அதிக வோல்ட்டில் ஓடும் ஒரு சுற்று உண்டு, அது லித்தியத்துக்கு ஆகாது.

டயரை எப்படி விட்டுவைப்பது?

கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றடித்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள். முன்சக்கரத்தையும் தூக்கி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சைடு ஸ்டாண்ட் மட்டுமே உள்ள வண்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரடி நகர்த்தினால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. டயர் பளபளக்கத் தடவும் எண்ணெய்ப் பசையுள்ள சாமான்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை ரப்பருக்குக் கெடுதல், ஓட்டும்போது வழுக்கவும் செய்யும்.

பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாத டயருக்கும் வயதாகும். பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று நம்பிவிடாமல், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வளைவுகளில் விரலை ஓட்டிப் பாருங்கள்.

கழுவியவுடன் கவர் போட்டு மூடிவிடலாமா?

வேண்டாம். கழுவியபின் ஒரு சுற்று ஓட்டி வாருங்கள், இடுக்குகளில் உள்ள தண்ணீர் சூட்டில் போய்விடும். எஞ்சின் ஆறிய பிறகு காற்றோட்டமுள்ள துணிக் கவர் போடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஆனால் தரையிலிருந்து எழும் ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைக்கும். அதைப் போடுவதற்குப் பதில் ஒன்றும் போடாமலே விடலாம் என்பேன். பறவை எச்சம் இருந்தால் மட்டும் கவர் போடும் முன் ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள், அது பெயிண்டை அரிக்கும்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் துணியால் மெல்லிசாக எண்ணெய் தடவி வையுங்கள். அதில் ஒரு புள்ளி துரு வந்தாலும், உள்ளிருக்கும் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் கிழிந்துவிடும்.

எலி புகாமல் இருக்க என்ன வழி?

ஏர் ஃபில்டர் பெட்டி எலிக்கு ரொம்பப் பிடித்த இடம். இருட்டு, கதகதப்பு, மெத்தென்ற காகிதம் என்று எல்லாம் அங்கே உண்டு. அடுத்தது சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்கள். சைலன்சர் வாயையும் ஏர் பெட்டியின் துவாரத்தையும் துணி சுற்றி அடைத்துவிட்டு, அடைத்ததை ஒரு சீட்டில் எழுதிச் சாவியிலேயே கட்டிவிடுங்கள். தானியம், செல்லப் பிராணிகளின் தீனி போன்றவற்றை அந்த அறையில் வைக்காமல் இருப்பது எல்லா மருந்தையும் விட நன்றாக வேலை செய்யும்.

செயினுக்கு எதைப் போடுவது?

முதலில் சுத்தம். மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ தொட்டு மென்மையான பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து உலர விடுங்கள். பெட்ரோல் வேண்டாம். இப்போதைய செயின்களில் இணைப்புக்கு இணைப்பு ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது உள்ளே அடைத்த கிரீஸைக் காவல் காக்கிறது. பெட்ரோல் பட்டால் ரப்பர் உப்பிக் கெடும். கம்பி பிரஷும் அதைக் கிழித்துவிடும்.

பிறகு கீழ்வரிசைச் செயினின் உட்பக்கத்தில் செயினுக்கான மசகு எண்ணெயை (செயின் லூப்) அடித்தபடி பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓடும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். வண்டி ஓடிவந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது போட்டால் நன்றாக இறங்கும். கால் மணி நேரம் கழித்து மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசு ஒட்டிக் கரும்பசையாகிவிடும். ஐநூறு முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் ஓட்டிய பிறகும் இதைச் செய்தால் போதும்.

சக்கரத்தைச் சுற்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து கியரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் துணியோடு விரலும் செயின் ஓடும் பல்சக்கரத்துக்குள் (ஸ்ப்ராக்கெட்) போனவர்கள் உண்டு. கையால் சுற்றுங்கள்.

ஸ்கூட்டரின் பெல்ட்டுக்கு எண்ணெயே ஆகாது.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. அப்புறம் எதற்கு பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள்?

பிரேக் ஆயில் வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாமே தண்ணீரை உறிஞ்சும் வகை. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். சாதாரணமாக ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வரும்போது ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், லீவர் சட்டென்று கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

காரை நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடலாமா?

வாரக்கணக்கில் என்றால் வேண்டாம். பேட் டிஸ்கோடும், லைனிங் டிரம்மோடும் துருவால் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

மின்சார ஸ்கூட்டரை முழுச் சார்ஜில் வைப்பது நல்லதுதானே?

லெட் ஆசிட்டுக்கு நல்லது எதுவோ அது இங்கே தலைகீழ். லித்தியம் அயான் பேட்டரி 40 முதல் 60 சதவீதத்தில் நிற்பதைத்தான் விரும்பும். நூறில் வைத்து வெயிலில் நிறுத்தினால் வேகமாக முதுமையடையும். பூஜ்யத்துக்கு அருகே விட்டால் அதைவிட மோசம், மெல்ல இறங்கி ஒரு கட்டத்துக்குக் கீழே போய்ச் சார்ஜையே ஏற்காமல் போகலாம். மாதம் ஒருமுறை சதவீதத்தைப் பாருங்கள். கழற்றும் வகைப் பேட்டரி என்றால் குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மின்சாரக் காரில் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும், 12 வோல்ட் சின்ன பேட்டரி இறங்கிப்போய்க் கதவே திறக்காமல் அடம்பிடிப்பதும் உண்டு. அதையும் கவனியுங்கள்.

ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி வைப்பதில் என்ன தப்பு?

தலையைக் காப்பாற்றுவது வெளி ஓடு மட்டுமல்ல. உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மகோல் அடுக்கு நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய இடம் மறுபடி எழாது. கண்ணாடியின் முனையில் மாட்டினால் ஹெல்மெட்டின் எடை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் அழுத்தும். துணியை விலக்கிப் பார்த்தால் குழி தெரியும்.

அந்த அடுக்கு பாலிஸ்டைரீன். பெட்ரோல், தின்னர் இவற்றின் ஆவிகூட அதற்கு ஆகாது. ஆகவே பெட்ரோல் கேன் இருக்கும் அறையில் ஹெல்மெட் வேண்டாம். நாஃப்தலீன் பாச்சை உருண்டை போட்ட அலமாரியும் வேண்டாம். துணிப்பையில் போட்டு, காற்றோட்டமான தட்டில் வையுங்கள்.

ஹெல்மெட் கீழே விழுந்துவிட்டது. மாற்ற வேண்டுமா? எத்தனை வருடம் வரும்?

மேசையிலிருந்து காலி ஹெல்மெட் விழுந்தால் பெரும்பாலும் ஓட்டில் கீறலோடு போகும். உள்ளே தலை இல்லாததால் அந்த அடுக்கை நசுக்க எதுவும் இல்லை. தலையோடு விழுந்தது என்றால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

வயதைப் பொறுத்தவரை ஐந்து ஆண்டு என்பது பரவலான கணக்கு. 1956இல் கார்ப்பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த வில்லியம் ஸ்நெல் நினைவாக அடுத்த ஆண்டு தொடங்கிய ஸ்நெல் அறக்கட்டளையும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. வியர்வை, தலை எண்ணெய், பசை, வெயில் எல்லாம் சேர்ந்து அதற்குள் வேலையைக் காட்டிவிடும். உள்துணி தளர்ந்து தலையில் ஹெல்மெட் ஆடத் தொடங்கினால் ஐந்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம்.

ஹெல்மெட்டுக்குள் நாற்றம் தாங்கவில்லை.

கழற்றக்கூடிய துணியைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு போட்டுக் கையால் அலசி, பிழியாமல் நிழலில் காய வையுங்கள். கழற்ற முடியாத வகை என்றால் ஷாம்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பலமுறை ஒற்றியெடுங்கள். ஹேர் டிரையர் சூடு கூடாது. வாசனைத் திரவியம் அடிப்பவர்களுக்கு இரண்டு நாளில் இரண்டு நாற்றம் கிடைக்கும்.

ஹெல்மெட்டின் முன்கண்ணாடியான வைசரில் பூச்சி ஒட்டிக் காய்ந்துவிட்டது. எதைப் போட்டுத் தேய்ப்பது?

தேய்க்கவே வேண்டாம். ஈரத்துணியை வைசர் மேல் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் தானாக ஊறி வரும். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வைசரின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை மங்கச் செய்யும். உட்பக்கம் பனி படியாமலிருக்கப் பூச்சு இருந்தால், அங்கே தண்ணீர் விட்டு அலசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லெதர் ஜாக்கெட்டில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது.

வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய் உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். உள்ளே தட்டினால் பக்கத்து ஜாக்கெட்டுக்கும் பரவும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, மறைவான ஓர் ஓரத்தில் நிறம் போகிறதா என்று சோதித்துவிட்டு, துணியில் தொட்டுத் துடையுங்கள். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு லெதர் கண்டிஷனர் தடவுங்கள். வெயிலில் போட்டால் லெதர் விறைத்து வெடிக்கும்.

பிளாஸ்டிக் உறைக்குள் வைத்ததாலோ, நனைந்ததை அப்படியே மாட்டியதாலோ வந்த வினையாக இருக்கும். அகலத் தோள் உள்ள ஹேங்கரில், பக்கத்துத் துணியோடு ஒட்டாமல் தொங்கவிடுங்கள்.

துணி ஜாக்கெட்டை வாஷிங் மெஷினில் போடலாமா?

லேபிள் அனுமதித்தால் போடலாம். தோள், முழங்கை, முதுகுப் பாதுகாப்புத் தகடுகளைக் கழற்றுங்கள். எந்தத் தகடு எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தலையைச் சொறிய வேண்டியிருக்காது. ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடி, 30 டிகிரியில் மென்சுழற்சி, திரவ சோப்பு. துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் மட்டும் கூடாது. அது நீர் ஒட்டாத தன்மையைக் கெடுத்து, வியர்வை வெளியேறும் நுண்துளைகளையும் அடைத்துவிடும். தண்ணீர் உருண்டோடாமல் துணியில் ஊறத் தொடங்கினால், நீர்விலக்குத் திரவம் தெளிக்கும் நேரம் வந்துவிட்டது. ஏர்பேக் உள்ள ஜாக்கெட் என்றால் அந்த அமைப்பைக் கழற்றாமல் தண்ணீர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

பூட்ஸும் கிளவுஸும் நனைந்தால்?

பூட்ஸின் உள்தட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி நிரப்புங்கள், நனைய நனைய மாற்றுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுச் சோல் வாய் பிளக்கும். லெதர் கிளவுஸைக் கையில் போட்டபடியே சோப்பு நீரில் கை கழுவுவதுபோல் கழுவுவது எளிது. பாதி காய்ந்ததும் ஒருமுறை கையில் மாட்டி விரல்களை மடக்கி நீட்டினால் பழைய வடிவத்துக்கு வரும்.

போடாமலே பத்திரமாக வைத்திருந்த பூட்ஸின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்கிறதே, ஏன்?

அது பாலியுரித்தேன் சோல். காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அந்தப் பொருளின் இணைப்புகளையே உடைத்துவிடும். பெட்டியில் அடைத்து வைத்தால் இது நிற்காது. எப்போதாவது எடுத்துப் போட்டு நடக்கும் பூட்ஸ்தான் அதிக நாள் உழைப்பதாகச் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த பூட்ஸைக் கையால் வளைத்துப் பார்க்காமல் நீண்ட பயணத்துக்கு மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். மழைக்கோட்டின் உட்பக்கம் பிசுபிசுத்து உரிவதும் இதே காரணத்தால்தான். அதை ஈரத்தோடு மடித்தால் இன்னும் சீக்கிரம் உரியும். உரிந்துவிட்டால் ஒட்ட வைக்க வழியில்லை.

மாதங்கள் கழித்து வண்டியை எடுக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

சாவியில் கட்டிய சீட்டிலிருந்து. அடைத்த துணிகளை எடுங்கள், ஏர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காற்று, பேட்டரி, ஆயில் மட்டம், கூலன்ட், லைட், ஹாரன். டேங்கைத் திறந்து முகருங்கள். பெட்ரோல் வாசனைக்குப் பதில் வார்னிஷ் போல வீசினால் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் அணைந்திருக்கும்போதே கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுலபமாக உருண்டால் விட்டுவிட்டது. இதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்து கியர் போட்டால் வண்டி ஒரு துள்ளு துள்ளும்.

முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். டிஸ்கில் படிந்த மெல்லிய துரு நாலைந்து முறை பிரேக் பிடித்தால் கரகரவென்று தேய்ந்து போய்விடும், அதற்கு முன் பிரேக் சரியாகப் பிடிக்காது. திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, காலையில் அதில் சொட்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.